ஐந்தாவது வெங்காய மூட்டை

கனகாம்பிகை: அந்த மூட்டையிலை கை வைச்சீங்களெண்டால் இண்டைக்குக் குசினியிலை அடுப்பு எரியாது. சொல்லிப்போட்டன்.

சோமசேகரம்: கை வைக்கிறதுக்கு என்ன இருக்கு... தூக்கிக்கொண்டுபோய்க் கிணத்துத் துலா நுனியிலை கொழுவுறதுதானே.

கனகாம்பிகை: சுன்னாகம் சந்தையிலை ஒண்டொண்டாய் நசிச்சுப் பார்த்து வாங்கின வெங்காயம் அது.

சோமசேகரம்: நிறுத்துத்தானே கட்டினவை?

கனகாம்பிகை: பின்னை? மூட்டைக்கு ஒரு அந்தர், நூற்றிப் பன்னிரண்டு றாத்தல். என்ரை கண்ணுக்கு முன்னாலை தராசிலை வைச்சு நிறுத்துக் கட்டினது.

சோமசேகரம்: அதுதான் எனக்கு வேண்டியது. கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அதை ஆர் நிறுக்கிறது? உம்மடை வெங்காயத்திலை ஒரு றாத்தல் பிசகாது.

கனகாம்பிகை: விடியத் தொடக்கம் தண்ணி அள்ள வாற சனமெல்லாம் ஓவசியருக்கு என்ன பிடிச்சது எண்டு கேக்குது. துலாவின்ரை அடி முனையைச் சங்கிலி போட்டுப் புளியமர வேரோடை கட்டிவைச்சிருக்கிறியள். சங்கிலிக்கு நடுவிலை விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு கம்பி. நான் என்னெண்டு மறுமொழி சொல்ல?

சோமசேகரம்: கம்பியை இழுத்துப் பார்க்கிறார் எண்டு சொல்லும். நுனியிலை ஒரு அந்தர் தொங்கினால் அடியிலை கம்பியைப் பத்து அந்தர் இழுக்கும். கொழும்பிலை உதுக்கெண்டு ஒரு மெசின் வைச்சிருக்கிறாங்கள், எங்கடை வீட்டளவு. எனக்குத் துலா காணும்.

கனகாம்பிகை: எனக்கேன் உந்தக் கதை. வரப்போற ஆளுக்குச் சொல்லுங்கோ.

சோமசேகரம்: வரப்போற ஆள் ஆர்?

கனகாம்பிகை: உங்கடை மச்சான்.

சோமசேகரம்: என்ரை அண்ணை எண்டு சொன்னால் வாய் வெந்துபோமோ?

கனகாம்பிகை: எனக்கு அண்ணை இல்லை. மூண்டு வருஷமாய் இல்லை.

சோமசேகரம்: சரி. அப்ப நாளைக்குக் காண்டாமணி விழுந்து ஆற்றை மண்டை உடைஞ்சாலும் உமக்கு ஒண்டுமில்லை.

கனகாம்பிகை: ...மெய்யாய் விழுமோ?

சோமசேகரம்: பத்து நாளாய்ச் சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருந்து அதைத்தானே சொல்லுறன். எட்டு அந்தர் மணி. பண்டத்தரிப்பிலை உங்கடை பிள்ளையார் கோயிலுக்கு மச்சான் மார்க்கண்டற்றை உபயம். நாலு கம்பியிலை தொங்கப்போகுது. அந்த நாலையும் மனுசன் பழுக்கக் காய்ச்சி, தண்ணியிலை தோய்ச்சு எடுப்பிச்சு வைச்சிருக்கிறார். மண்வெட்டி அலகுக்குச் செய்யிற வேலை.

கனகாம்பிகை: தோய்ச்சால் இறுகும்தானே?

சோமசேகரம்: இறுகும். வெட்டுறதுக்கு இறுக்கம் நல்லது. தொங்குறதுக்கு அது கூடாது. நாளைக் காலமை நல்ல நேரம் பார்த்து முதல் கயிறை இழுக்கிறது ஆர்? உபயகாரர். எங்கை நிண்டு? மணிக்கு நேர கீழை நிண்டு.

கனகாம்பிகை: நீங்கள் சொன்னால் கேக்கமாட்டாரோ?

சோமசேகரம்: நான் அந்த ஊரிலை பொம்பிளை எடுத்தவன். கோயில் அலுவலிலை நான் வாய் திறந்தால் ஓவசியர் எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டார் எண்டு சொல்லுவினம். அதாலைதான் பந்தயம் எண்டு சொல்லி ஆளனுப்பினனான். அவரின்ரை கம்பியும் என்ரை கம்பியும். கண்ணாலை கண்டால் எண்டாலும்...

கனகாம்பிகை: படலைச் சத்தம் கேக்குது. நான் உள்ளை போறன்.

சோமசேகரம்: நில்லும். வெத்திலைத் தட்டத்துச் சுண்ணாம்பு எங்கை?

கனகாம்பிகை: என்னத்துக்கு?

சோமசேகரம்: கம்பிக்குப் பூச.

கனகாம்பிகை: பொட்டும் வைச்சு விடுங்கோவன்.

மார்க்கண்டு: மச்சான், நிக்கிறீரோ? வரலாமோ உள்ளை?

சோமசேகரம்: வாங்கோ, வாங்கோ. உந்த வாங்கிலை இருங்கோ.

மார்க்கண்டு: இருக்க வரேல்லை. பந்தயத்துக்கு வந்தனான்... வீட்டிலை வேறை ஆக்கள் இல்லையோ?

கனகாம்பிகை: ஆக்கள் நிக்கினம் எண்டு சொல்லுங்கோ.

சோமசேகரம்: ஆக்கள் நிக்கினமாம்.

மார்க்கண்டு: நல்லது எண்டு சொல்லும்.

சோமசேகரம்: நல்லதாம்.

கனகாம்பிகை: தேத்தண்ணி குடிக்கிறாரோ எண்டு கேளுங்கோ.

மார்க்கண்டு: சீனி இல்லாமல் எண்டு சொல்லும்.

கனகாம்பிகை: அது தெரியும் எண்டு சொல்லுங்கோ.

சோமசேகரம்: நான் ஓவசியரோ, தபால்காரனோ? மூண்டு பேரும் ஒரு புளியமரத்துக்குக் கீழைதானே நிக்கிறம்.

மார்க்கண்டு: மச்சான், ஒண்டு மட்டும் கேளும். பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு ஆளனுப்பிச் சொன்னவை, தேத்தண்ணி மட்டும் தங்கடை கையாலை தருகினமோ?

கனகாம்பிகை: அந்தக் கிழமை பெய்த மழையிலை வண்டில் வழியிலை புதைஞ்சு நிண்டது எண்டு சொல்லுங்கோ. பிள்ளைக்கு முதல் தண்ணி வாக்க வேண்டிய தாய்மாமன், நேரிலை வந்து சொல்லேல்லை எண்டு வீட்டிலை குந்தி இருந்ததையும் சொல்லுங்கோ. எங்கடை பிள்ளை செல்வநாயகி அண்டைக்குப் படலையைப் பார்த்தபடி நிண்டவள். அதையும் சொல்லுங்கோ.

சோமசேகரம்: ...இதை நான் திருப்பிச் சொல்லேல்லை. கேட்டிருக்கும்.

மார்க்கண்டு: கேட்டுது.

சோமசேகரம்: கம்பிக்கு வருவம். இது என்ரை கம்பி, சாதாரண உருக்கு. நடுவிலை கால் அங்குலத்துக்கு மெலிசாக்கியிருக்கிறன். உதிலை ரெண்டு புள்ளி தெரியுதோ? நாலு அங்குல இடைவெளி.

மார்க்கண்டு: உதென்ன வெள்ளை?

சோமசேகரம்: சுண்ணாம்பு. பூசிக் காய விட்டிருக்கு. கம்பிக்கு வாய் இல்லை, சுண்ணாம்புதான் அதுக்குப் பதிலாய்க் கதைக்கும்.

மார்க்கண்டு: சரி, கதைக்கட்டும். கொழுவும்.

சோமசேகரம்: முதல் மூட்டை... ஏத்தியாச்சு. பாருங்கோ.

மார்க்கண்டு: ஒண்டும் நடக்கேல்லையே.

சோமசேகரம்: நடந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டிருக்கு. இப்ப மூட்டையைக் கழட்டுறன்... அளந்து பாருங்கோ.

மார்க்கண்டு: அதே நாலு அங்குலம்.

சோமசேகரம்: பாரத்தை எடுத்தால் பழையபடி வந்திடும். இதுவரைக்கும் கம்பிக்குக் கோபமில்லை. இனி ரெண்டு மூட்டையும் சேர்த்து.

கனகாம்பிகை: இஞ்சருங்கோ, சுண்ணாம்பு கொட்டுது.

மார்க்கண்டு: ஓம், கொட்டுது. பொருக்குப் பொருக்காய்... துலாவும் இறங்குது. ஆரும் தொடேல்லையே.

சோமசேகரம்: அதுதான் இளகிற இடம். புதுசாய் ஒரு றாத்தல் போடாமலே தானாய் நீளும். இனிப் பாரத்தை எடுத்தாலும் பழைய அளவுக்கு வராது.

மார்க்கண்டு: தோத்துப்போச்சு. ரெண்டு மூட்டைக்கே இளகின கம்பியையோ கோயிலிலை போடச் சொல்லுறீர்?

சோமசேகரம்: பொறுங்கோ. இளகினது, விட்டிட்டுப் போகேல்லை. நீண்டாப்போலை திரும்ப இறுகி நிக்குது, பார்த்தியளோ? துலா நிண்டிட்டுது. இனி மூண்டாவது மூட்டை.

கனகாம்பிகை: மெள்ள. சாக்கு கிழியப்போகுது.

சோமசேகரம்: நுனியிலை ஒரு கயிறு கட்டித்தான் விட்டிருக்கிறன். கம்பி போனாலும் மூட்டை கிணத்துக்கை விழாது.

மார்க்கண்டு: இறங்குது... இறங்குது... ஒரு சாண் இறங்கிப்போச்சு. மச்சான், கம்பியின்ரை நடு...

சோமசேகரம்: சொல்லுங்கோ.

மார்க்கண்டு: இடுப்புப் போலை சிறுக்குது.

சோமசேகரம்: அதுதான் கடைசிச் சொல். ஓடுறவன் இப்ப ஓடலாம்... ஆ, போச்சு.

கனகாம்பிகை: அவ்வளவுதானோ? பெரிய சத்தமொண்டும் இல்லை.

சோமசேகரம்: ரெண்டு துண்டையும் எடுத்துப் பாரும். ஒரு பக்கம் சின்னக் கிண்ணம். மற்றப் பக்கம் அந்தக் கிண்ணத்துக்கை இருக்கிற மாதிரி ஒரு குவியல்.

கனகாம்பிகை: கையிலை சுடுது.

சோமசேகரம்: நீளேக்கை சூடேறும். அவ்வளவு பாடுபட்டுத்தான் போயிருக்கு.

மார்க்கண்டு: பாடுபட்டு என்ன, மூண்டு மூட்டையோடை முடிஞ்சுது. இந்தாரும், என்ரை துண்டு. கோயில் கம்பியோடை ஒண்டாய்த் தோய்ச்சது. அரம் பிடிபடேல்லை. ரெண்டு நாள் சாணைக்கல்லிலை தேய்ச்சுத்தான் உம்மடை கால் அங்குலத்துக்குக் கொண்டு வந்தனான்.

சோமசேகரம்: ரெண்டு நாளோ?

மார்க்கண்டு: ரெண்டு நாள். கை கொப்பளிச்சுப்போச்சு.

கனகாம்பிகை: தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுங்கோ.

சோமசேகரம்: கேட்டுதோ?

மார்க்கண்டு: கேட்டுது... சுண்ணாம்பைப் பூசும், காயட்டும். அந்தக் கயிறை அவிட்டு விடும். என்ரை கம்பிக்கு ஆரும் கைத்தாங்கல் குடுக்கத் தேவையில்லை.

சோமசேகரம்: மச்சான், கிணத்துக்கு மேலை...

மார்க்கண்டு: அவிழும் எண்டன்.

கனகாம்பிகை: என்ரை வெங்காயம்.

மார்க்கண்டு: வெங்காயத்துக்கு நான் பொறுப்பு எண்டு சொல்லும்.

சோமசேகரம்: சுண்ணாம்பு காய்ஞ்சிட்டுது. ஒண்டு... ரெண்டு...

மார்க்கண்டு: என்ன சொல்லுது உம்மடை சுண்ணாம்பு?

சோமசேகரம்: ஒண்டும் சொல்லேல்லை.

மார்க்கண்டு: மூண்டாவதையும் கொழுவும். உம்மடை கம்பி செத்த இடம்... எங்கை? துலா இறங்கினதோ? சுண்ணாம்பு ஒரு பொட்டெண்டாலும் உதிர்ந்ததோ?

சோமசேகரம்: இல்லை.

மார்க்கண்டு: நாலாவது. நாலாவதையும் போடும். உங்கடை கொழும்பு மெசின்காரருக்குக் கடிதம் எழுதும், பண்டத்தரிப்பு மார்க்கண்டற்றை கம்பி நாலு மூட்டைக்கும் அசையேல்லை எண்டு.

சோமசேகரம்: எழுதுறன். அசையேல்லை எண்டதுதான் எனக்குப் பயம்.

மார்க்கண்டு: வெண்டவனைப் பார்த்துப் பயப்பிடுறீர்.

சோமசேகரம்: மச்சான், உங்கடை கம்பிக்குப் பலம் கூட. நான் இல்லை எண்டேல்லை. என்ரை கம்பி எனக்குப் பாரம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் போனது. சுண்ணாம்பைக் கொட்டிச்சுது, நீண்டுது, இடுப்புச் சிறுத்துது. உங்கடையது கடைசி நிமிஷம் வரைக்கும் ஒண்டும் சொல்லாது. மணி அடிக்கேக்கை ஒவ்வொரு அடிக்கும் ஒரு குலுக்கல். எங்கையோ மயிரளவு கீறல் இருந்தால் காணும்.

மார்க்கண்டு: கதையை விடும். அஞ்சாவது மூட்டையைத் தூக்கும்.

சோமசேகரம்: விலத்தி நில்லுங்கோ. அடி முனை மேலை எழும்பினால் தாடை போயிடும்.

மார்க்கண்டு: எழும்பினால்தானே.

கனகாம்பிகை: அவரை விலத்தி நிக்கச் சொல்லுங்கோ.

சோமசேகரம்: சொல்லியாச்சு.

கனகாம்பிகை: இன்னொருக்கால் சொல்லுங்கோ.

சோமசேகரம்: என்ரை தோளிலை ஒரு அந்தர் வெங்காயம் இருக்கு. நீர் சொன்னால் என்ன?

மார்க்கண்டு: இஞ்சை வந்து பாரும் மச்சான். மூக்கு முட்டக் குனிஞ்சு பார்த்தாலும் சுண்ணாம்பிலை ஒரு வெடிப்பு...

சோமசேகரம்: கொழுவுறன். விலத்துங்கோ.

மார்க்கண்டு: ...ஒரு வெடிப்புக் கிடையாது. பூசினது பூசினபடி...

கனகாம்பிகை: அண்ணை, தலையை எடுங்கோ!

சோமசேகரம்: கனகம்... மச்சான்... ஆருக்கும் ஒண்டும் இல்லையே?

மார்க்கண்டு: சால்வையைத் துலா கொண்டுபோயிட்டுது. தலை இருக்கு.

கனகாம்பிகை: வடிவாய்த் தடவிப் பாருங்கோ. காதுக்குப் பக்கத்திலை... இரத்தம் இல்லையே?

மார்க்கண்டு: இல்லை. சுண்ணாம்பு.

சோமசேகரம்: ஒரு டிங் எண்ட சத்தம். அவ்வளவுதான். ஒரு நூலளவு இறங்கேல்லை, நீளேல்லை. உடைஞ்ச இடத்தைப் பாருங்கோ, தட்டையாய், கற்கண்டைப் பிளந்த மாதிரி மினுங்குது.

கனகாம்பிகை: வெங்காயம்?

சோமசேகரம்: ...கிணத்துக்கை.

கனகாம்பிகை: அஞ்சு மூட்டையுமோ?

சோமசேகரம்: எட்டிப் பாரும். மிதக்கிறதை வாளியாலை அள்ளலாம்.

மார்க்கண்டு: வெங்காயம் கிடக்கட்டும். மச்சான், இப்ப இவள் என்னெண்டு கூப்பிட்டவள்?

கனகாம்பிகை: நான் ஆரையும் கூப்பிடேல்லை. காகத்தைத் துரத்தினனான்.

மார்க்கண்டு: காகத்துக்கு அண்ணை எண்டோ பேர்?

கனகாம்பிகை: எங்கடை வளவுக் காகத்துக்கு நான் என்ன பேரும் வைப்பன்.

மார்க்கண்டு: காகத்துக்குத் தலையை எடுங்கோ எண்டு மரியாதையாயும் சொல்லுவாயோ?

கனகாம்பிகை: உங்களுக்குச் சிரிப்பாய் இருக்கு. இன்னும் ஒரு விரக்கடை கிட்ட நிண்டிருந்தால்...

சோமசேகரம்: இரும், கனகம். அந்த வாங்கிலை இரும்.

கனகாம்பிகை: நான் இருக்கேல்லை. எப்பவும் உப்பிடித்தான். ஆர் என்ன சொன்னாலும் கேக்கிறேல்லை. ஒரு சொல்லுச் சொல்லாமல் வெட்டிக்கொண்டு போறது. நேரிலை வந்து சொல்லேல்லை எண்டு கோபமெண்டால் வந்து நாலு பேச்சுப் பேசியிருக்கலாம். நானும் நாலு பேசியிருப்பன். அழுதிட்டு அண்டைக்கே சோறு போட்டிருப்பன். மூண்டு வருஷம்...

மார்க்கண்டு: ஓம்.

கனகாம்பிகை: என்ன ஓம்?

மார்க்கண்டு: நீ சொல்லுறது சரி. பிழை என்னிலைதான். அண்டைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டு, உந்தா கிட்ட இருக்கிற இணுவில் மட்டும் வந்து வண்டிலைத் திருப்பினனான். என்ன முகத்தோடை உள்ளை வாறது எண்டு வெக்கமாய்ப் போச்சு.

கனகாம்பிகை: ...இணுவில் மட்டும் வந்தனீங்களோ?

மார்க்கண்டு: பிள்ளைக்கு வாங்கின சீலை இன்னும் பெட்டிக்கை கிடக்கு.

சோமசேகரம்: நீங்கள் ரெண்டு பேரும் நேரை கதைக்கிறது எனக்குச் சந்தோசம். வேலை குறைஞ்சுது. ஆனால் மச்சான், நாளைக்கு மணி. கண்ணாலை கண்டிட்டியள். உந்தக் கம்பியிலை அதை ஏத்த நான் விடமாட்டன். சபையிலை என்ன பேச்சு வந்தாலும் நானே வந்து எழும்பிச் சொல்லுவன்.

மார்க்கண்டு: மணி ஏறும். அந்தக் கம்பியிலை இல்லை.

சோமசேகரம்: என்ன?

மார்க்கண்டு: புதன்கிழமை கோயிலடியிலை, அளவு பார்க்கக் கொண்டுபோன மேலதிகக் கம்பி ஒண்டு வண்டிலாலை வழுக்கிக் கல்லிலை விழுந்தது. காப்பு உடையிற மாதிரி ரெண்டாய்ப் போச்சு. நாளைக்குப் பார்க்க வாற சனத்தை நினைச்சன். அங்கையிருந்து நேர சுன்னாகத்துக்குத் தம்பிராசா ஆசாரியாற்றை பட்டறைக்கு ஓடினன், நாலையும் திரும்ப நெருப்பிலை போட்டுச் சாம்பலுக்கை ஆறவிடச் சொல்ல.

சோமசேகரம்: ஆறுதலாய் ஆறினால் இறுக்கம் போயிடும். அதுதான் சரியான வேலை... பொறுங்கோ. புதன்கிழமையே தெரியுமெண்டால் இஞ்சை என்னத்துக்கு வந்தனீங்கள்?

மார்க்கண்டு: நீர்தானே பந்தயம் எண்டு ஆளனுப்பினீர்.

சோமசேகரம்: தோக்கிற பந்தயத்துக்கு ரெண்டு நாள் கை கொப்பளிக்கத் தேய்ச்சுக்கொண்டோ?

மார்க்கண்டு: உடைஞ்ச துண்டு ஒண்டு கையிலை இருந்தது. உந்தப் படலைக்குள்ளை வர எனக்கு வேறை என்ன சாட்டு இருக்கு? ஒரு மணித்தியாலம் எண்டாலும் இவள் நிக்கிற முத்தத்திலை நிண்டு, இவள் கதைக்கிறதைக் கேட்டிட்டுப் போவம் எண்டுதான். கம்பி நாலு மூட்டை வரைக்கும் தாங்கினது எனக்கே புதினம்.

சோமசேகரம்: அப்ப குனிஞ்சு மூக்கை நீட்டினது?

மார்க்கண்டு: அதைக் கேளாதையும்.

சோமசேகரம்: விசர்தான் உங்களுக்கு. ஆசாரியார் ஒண்டும் சொல்லேல்லையோ? தான் தோய்ச்சதைத் தானே கெடுக்க லேசிலை சம்மதிக்கிற மனுசன் இல்லை அவர்.

மார்க்கண்டு: அதுதான் எனக்கு இன்னும் விளங்கேல்லை. நான் போகேக்கை நாலு கம்பியும் ஏற்கெனவே சாம்பலுக்கை கிடக்குது. "நீங்கள்தானே ஐயா நேற்றே சொல்லிவிட்டனீங்கள்" எண்டு சிரிக்கிறார். நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை. வயசுபோன மனுசன், ஆரோடையோ மாறாடுறார் எண்டு விட்டிட்டன். அது கிடக்கட்டும். மூண்டு வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இவள் வாயாலை அந்தச் சொல்லு வந்தது. எனக்கு அது காணும்.

கனகாம்பிகை: இண்டைக்கு இல்லை. சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இவர் சொன்னதைக் கேட்டு, செவ்வாய்க்கிழமை நான்தான் வண்டில் பிடிச்சுப் பட்டறைக்குப் போனனான். கம்பியைச் சாம்பலிலை போடச் சொல்லி ஆர், பிள்ளை, சொல்லிவிட்டது எண்டு ஆசாரியார் கேட்டார். என்ரை அண்ணை எண்டு சொன்னனான்.